போனக்காடு லிங்க் ஏன் விழுந்தது

1. வெள்ளிக்கிழமை, மூன்று மணி

டாக்டர் விசாலம் எழுதிய கட்டுரைகளில் மிக அழகானது தப்பு என்று எனக்குத் தெரிந்தபோது ஒரு வெள்ளிக்கிழமை, பிற்பகல் மூன்று மணி இருக்கும். அடுத்த செவ்வாய்க்கிழமை அவர் அதைப் பெங்களூரில் வாசிக்க வேண்டும். கட்டுரை அச்சாகிவிட்டது. தப்பு நடந்ததற்குக் காரணம் நான்.

வேலையில் சேர்ந்த நாளிலிருந்து ஓய்வு பெற்ற நாள் வரை டயரி எழுதியவன் நான். மழை, பஸ் தாமதம், யார் எப்போது எந்த ஸ்குரூவைத் திருப்பினார்கள் என்பது வரை அதில் இருக்கிறது. இந்தக் குறிப்பில் தேதிகளை விட்டுவிட்டேன். கிழமையும் மணியும் போதும். நெட்வொர்க் வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் படிக்க எழுதுகிறேன். அவர்களுக்கு வேண்டியது நடந்த வரிசைதான்.

2. மேடம்

டாக்டர் விசாலம் கரமனை அக்ரஹாரத்தில் பிறந்தவர். இன்ஜினியரிங் கல்லூரியில் அவருடைய வகுப்பில் பெண்கள் இரண்டே பேர். வெளிநாடு போய் கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று பேச வைக்கும் படிப்பைப் படித்துவிட்டு, திருவனந்தபுரத்தில் ஒரு ஆய்வு நிலையத்துக்குத் திரும்பி வந்தார். அப்போது அந்த நிலையத்தில் இருந்தவை மொத்தம் மூன்று கம்ப்யூட்டர்கள். மூன்றும் ஒரே ஏ.சி. அறையில் இருந்தன. அவை பேசிக்கொள்ள வேண்டிய அவசியமே இல்லை. ஒன்றில் இருப்பதை எழுந்து போய் மற்றொன்றில் போட்டுவிடலாம். "அறையைத் தாண்டாத நெட்வொர்க்" என்று டைரக்டர் அவரைக் கேலி செய்வார். மேடம் என்றுதான் நாங்கள் எல்லோரும் அவரைக் கூப்பிடுவோம்.

நான் பாறசாலைக்காரன், டெக்னீஷியன். வேலை அப்போது நிரந்தரமாகவில்லை. எங்கள் இருவருக்கும் வீட்டில் தமிழ், வெளியில் மலையாளம். ஆனால் ஒரே தமிழ் அல்ல. நான் "சொல்லுதேன்" என்றால் அவர் சிரிப்பார். அவர் "பண்ணிண்டிருக்கேன்" என்றால் நான் மனதுக்குள் சிரிப்பேன்.

அவருடைய திட்டம் பாக்கெட் ரேடியோ. ஒரு செய்தியைச் சிறு சிறு துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் போய்ச் சேர வேண்டிய இடத்தை எழுதி, வயர் இல்லாமல் ரேடியோவில் அனுப்புவது. கிடைத்த துண்டுக்கு மறுமுனை "கிடைத்தது" என்று பதில் சொல்லும். பதில் வராவிட்டால் இந்த முனை திரும்ப அனுப்பும். இன்றைக்கு இது யாருக்கும் புதிதல்ல. அன்றைக்கு மலைக்கு மேல் இதைச் செய்து பார்க்க அவர் தேர்ந்தெடுத்த இடம் போனக்காடு தேயிலைத் தோட்டத்தின் டிஸ்பென்சரி. டெலிபோன் லைன் வாரத்தில் பாதி நாள் செத்துக் கிடக்கும் இடம். டாக்டர் வருவது எப்போதாவது. எந்த மருந்து தீர்ந்தது, எந்த நோயாளியைக் கீழே இறக்க வேண்டும் என்ற செய்தி நகரத்துக்கு வந்தால் பெரிய காரியம்.

நடுவில் ஒரு மலைமுகட்டில், செய்தியை வாங்கித் திருப்பி அனுப்பும் ரிலே ஸ்டேஷன் வைத்தோம். டிஸ்பென்சரியில் ரேடியோ, மோடம் பெட்டி, ஒரு கம்ப்யூட்டர். கூரையில் ஆன்டெனா. கரியும் உப்பும் போட்டு எர்த் குழி வெட்டியது நான். இடிதாங்கி அரெஸ்டரைப் பூட்டியதும் நான்.

3. நனைந்த இலைகள்

ஓணம் முடிந்து லிங்க், அதாவது போனக்காட்டோடு எங்கள் ரேடியோ இணைப்பு, ஓடத் தொடங்கியது. எங்கள் கம்ப்யூட்டர் பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் போனக்காட்டுக்கு ஒரு சோதனைத் துண்டு அனுப்பும். பதில் வந்ததா, வரவில்லையா என்பதை நான் பார்த்துப் பேரேடு போல எழுதிவைப்பேன். முதல் ஐந்து வாரம் எல்லாம் ஒழுங்கு. ஐப்பசி பிறந்து துலாவர்ஷம் என்கிற வடகிழக்கு மழை தொடங்கியதும் லிங்க் விழ, அதாவது பதில் நின்றுபோக, ஆரம்பித்தது. தினமும் பிற்பகல். இரண்டரை, மூன்று மணிக்கு விழும். மழை நின்று ஏறக்குறைய ஒரு மணி நேரம் கழித்துத் தானாக எழுந்துவிடும். காலையில் எந்தக் குறையும் இருக்காது.

"மழைத்துளி இந்த அலைவரிசையை ஒண்ணும் பண்ணாது, சாமுவேல்," என்றார் மேடம். "ஆனா காடு பண்ணும். கோடிக்கணக்கான இலை. எல்லாம் நனைஞ்சுடுத்துன்னா அது ஒரு பச்சைச் சுவர். மழை நின்னாலும் இலை காயறதுக்கு நேரமாகுமோல்லியோ? அந்த ஒரு மணி அதுதான்."

கேட்டபோது எனக்குச் சிலிர்த்தது. தோட்ட ஆபீஸில் மழைமானிப் பதிவேடு உண்டு. தேயிலைத் தோட்டங்கள் அதை விடாமல் எழுதுவார்கள். நான் மாதத்துக்கு ஒரு முறை போய் நகல் எடுத்து வந்தேன். மேடம் மழை ஒரு பக்கம், லிங்க் எழுந்த நேரம் ஒரு பக்கம் வைத்து ஒரு வளைவு வரைந்தார். புள்ளிகள் அதன் மேல் வந்து உட்கார்ந்தன. ஈரக் காட்டில் ரேடியோ நெட்வொர்க் எப்படி இயங்கும் என்று அதுவரை யாரும் இப்படி வரைந்ததில்லை என்றார். கட்டுரையைப் பெங்களூர் மாநாடு ஏற்றுக்கொண்டது. அடுத்த மாதம் எங்கள் ரிவ்யூ கமிட்டி கூடுகிறது. பெங்களூரில் கட்டுரை நின்றால் திட்டம் நிற்கும். இல்லாவிட்டால் ரேடியோக்களை இறக்கி ஸ்டோரில் போட வேண்டியதுதான் என்று டைரக்டர் வாய்விட்டே சொல்லியிருந்தார்.

என் வேலையை நிரந்தரமாக்கும் கன்ஃபர்மேஷன் பேப்பரும் மேடம் மேஜையில்தான் இருந்தது.

4. ஒரு ஞாயிறு

வளைவில் ஒரே ஒரு புள்ளி மட்டும் உட்காரவில்லை. அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. பதிவேட்டின்படி அந்த மாதத்திலேயே அதிகமான மழை அன்றுதான். லிங்க் அன்று ஒரு நிமிடம்கூட விழவில்லை.

"மேடம், இது ஒத்து வரலியே," என்றேன்.

"மழைமானில இலை விழுந்து அடைச்சிண்டிருக்கும். இல்லேன்னா திங்கட்கிழமை மழையையும் சேத்து எழுதியிருப்பா." பேனாவால் அதைச் சுழித்து "சந்தேகம்" என்று எழுதினார். கட்டுரையில் அந்த ஞாயிறு வரவில்லை.

எனக்கு மனம் ஒப்பவில்லை. அவரைச் சந்தேகித்ததாக நினைக்க வேண்டாம். டயரி எழுதுகிறவனுக்கு ஒரு நாள் காணாமல் போனால் உறுத்தும், அவ்வளவுதான். மாத நகல் எடுக்கப் போன அந்த வெள்ளிக்கிழமை, தோட்ட ஆபீஸ் கிளார்க்கிடம் கேட்டேன். அடைக்கவும் இல்லை, சேர்த்து எழுதவும் இல்லை. அன்று அவரே நனைந்துகொண்டு போய் அளந்ததாகச் சொன்னார். பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. டிஸ்பென்சரிக்குப் போய் உட்கார்ந்தேன்.

5. செல்லத்தாய்

டிஸ்பென்சரி அட்டெண்டர் பெயர் செல்லத்தாய். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கொழுந்து கிள்ள வந்த குடும்பத்தில், தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில் பிறந்தவர். மருந்துக் கணக்கை டைப் அடித்து தினமும் காலை பத்து மணிக்கு அனுப்புவது அவர்தான். ஒரு விரலால்தான் அடிப்பார், பிழை வராது.

எனக்குப் பால் விடாத கட்டன் சாயா கொடுத்துவிட்டு அவர் பஞ்சு உருட்டிக்கொண்டிருந்தார். வானம் கறுத்தது. மழை ஒரு துளி இல்லை. தூரத்தில் எங்கோ இடி ஒரு தரம் உருண்டது.

செல்லத்தாய் பஞ்சைக் கீழே வைத்தார். எழுந்து ரேடியோவுக்குப் பின்னால் போனார். ஆன்டெனா வயரைத் திருகிக் கழற்றினார். மூன்று பிளக்கையும் பிடுங்கினார். வயரின் முனையை ஒரு காலி ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குள் விட்டு ஜன்னல் திட்டில் வைத்தார். எல்லாம் சேர்ந்து அரை நிமிடம் ஆகியிருக்கும். பழகிய கை.

"என்ன செய்தீங்க?" என்றேன்.

"கழட்டிட்டேன் சார்."

"எதுக்கு?"

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "சார்தான சொன்னிய. மறந்துட்டியளா? மெஷின் வச்ச அன்னைக்கு, வாசப்படில நின்னு செருப்பு மாட்டிக்கிட்டே சொன்னிய. இடிச்சத்தம் கேட்டா வயரைக் கழட்டிரு, பிளக்கைப் பிடுங்கிரு, இடி அடங்கி ஒரு மணிக்கூர் கழிஞ்சு மாட்டினா போதும்னு."

சொன்னேன். சொன்னது இப்போது ஞாபகம் வந்தது. இந்த ஊரில் துலாவர்ஷம் வந்தால் எந்த வீட்டிலும் சொல்கிற பேச்சு அது. டி.வி. பிளக்கைப் பிடுங்கு, ஆன்டெனாவைக் கழற்று. அம்மா எனக்குச் சொன்னாள், நான் என் மனைவிக்குச் சொன்னேன், போகிற போக்கில் செல்லத்தாய்க்கும் சொல்லிவிட்டேன். அரெஸ்டர் இருந்தால் கழற்றவே வேண்டாம்; அதைப் பூட்டிய நானேதான் அப்படிச் சொன்னேன். டயரியில் அன்று எர்த் குழியின் ஆழம் இருக்கிறது. நான் வாசற்படியில் சொன்னது இல்லை.

"தினமும் கழட்டுவீங்களா?"

"ஒரு நாளு முடக்கம் இல்ல. அடுப்புல சோறு கெடந்தாலும் ஓடி வந்துருவேன்." பிறகு அவர் முகம் மாறியது. "ஒரு ஞாயித்துக்கிழமைதான் விட்டுப்போச்சு சார். விதுராவுல எங்க சித்தி மக கல்யாணம். இங்க பூட்டிக் கெடந்துச்சு. அங்க இடி வெட்டுது, எனக்கு இலையில வச்ச சோறு எறங்கல. மெஷினு போயிருக்குமேன்னு. பகவான் காப்பாத்துனாரு. மேடத்துக்கிட்ட சொல்லிராதீங்க, கேட்டியளா."

லிங்க் சரியாக வேலை செய்த ஒரே பிற்பகலுக்காக அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார்.

நான் கிளம்பும்போது அவர் ஒரு கேள்வி கேட்டார். "கழட்டுறதுக்கு முன்ன அங்க யாருகிட்டயாச்சும் சொல்லணும்னு எனக்குத் தோணும் சார். ஒரு வீட்ட விட்டு எறங்கும்போது சொல்லிட்டுத்தான எறங்குவோம். டைப் அடிச்சு அனுப்ப நிண்ணா அதுக்குள்ள இடி வந்துருமேன்னு பயம். சொல்ல வேற வழி உண்டா?"

அந்தக் கேள்வியோடு பஸ் ஏறினேன்.

6. சனிக்கிழமை

மறுநாள் காலை லேபில் மேடம் புரொஜக்டர் ஷீட்டுகளை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார். வளைவைப் பச்சை இங்கில் வரைந்திருந்தார்.

"மேடம், போனக்காடு லிங்க் விஷயமா ஒண்ணு சொல்லணும்."

"என்ன, இன்னிக்குக் காலம்பறவே விழுந்துடுத்தா?"

"இல்ல. அது ஒரு நாளும் விழல மேடம். கழட்டியிருக்காங்க."

"யாரு?"

"செல்லத்தாய்."

"யார் சொல்லி?"

"நான் சொல்லி."

முழுவதையும் சொன்னேன். ஹார்லிக்ஸ் பாட்டில் வரைக்கும் சொன்னேன். முடிந்ததும் மேடம் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அந்த ஒரு மணி நேரம்... இலை காயற நேரம்?"

"நான் சொன்ன ஒரு மணிக்கூர் மேடம்."

"ஞாயித்துக்கிழமை?"

"கல்யாணம்."

அவர் ஷீட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "அதை நான்தானே சுழிச்சேன். நீங்க கேட்டேள். நான் மழைமானி மேல பழியைப் போட்டேன்." ஷீட்டைக் கீழே வைத்துவிட்டு, "வேற யாருக்காவது தெரியுமோ?" என்றார்.

"இல்ல."

"அப்போ நாம ரெண்டு பேர்."

அவர் அப்படிச் சொன்னபோது நான் விரும்பியது என்ன என்று இப்போது எழுதிவிடுகிறேன். பெங்களூர் முடியட்டும், கமிட்டி முடியட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று அவர் சொல்ல வேண்டும் என்று விரும்பினேன். சொல்லியிருந்தால் தலையாட்டியிருப்பேன்.

"உங்க கன்ஃபர்மேஷன் பேப்பர் எங்கிட்ட இருக்கு. தெரியுமோல்லியோ?"

"தெரியும்."

"தெரிஞ்சுண்டேதான் வந்தேளா?"

"பஸ் நெடுமங்காடு வர்ற வரைக்கும் சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன் மேடம்."

"நெடுமங்காட்டுல என்ன?"

"பஸ்ஸுல உக்கார எடம் கிடைச்சுது. உக்காந்து யோசிச்சேன்."

அவர் சிரித்துவிட்டார். நான் எதிர்பார்க்காத சிரிப்பு. பிறகு கேட்டார்: "அவ வேற ஏதாவது சொன்னாளா?"

செல்லத்தாய் கடைசியாகக் கேட்டதைச் சொன்னேன். மேடம் சிரிப்பை நிறுத்தினார். "இன்னொரு தரம் சொல்லுங்கோ. அவ வார்த்தைலயே." சொன்னேன். ஷீட்டைத் திருப்பிப் போட்டு அதன் பின்பக்கத்தில் பச்சை இங்கிலேயே எழுதிக்கொண்டார்.

"நாம ஒரு ஸ்டேஷன் பதில் சொல்லலேன்னா செத்துப்போச்சுன்னு நினைச்சுக்கறோம். திரும்பத் திரும்பக் கூப்பிடறோம், அப்புறம் அதுக்கு வந்த செய்தியைத் தூக்கிப் போட்டுடறோம். அது வேணும்னே கிளம்பிப் போயிருக்கும், திரும்பி வரும்னு நம்ம புரோட்டோகால் விதிகள்ல ஒரு வரி இல்லை, சாமுவேல். ஒரு வரி."

7. பெங்களூரும் கமிட்டியும்

அவர் பெங்களூர் போனார். மேடையில் ஏறி, உங்கள் கையில் இருக்கும் கட்டுரை தப்பு என்று தொடங்கினார். இலைகளைப் பற்றிய வளைவைக் காட்டி, இதில் ஒவ்வொரு புள்ளியும் ஒரு பெண் எங்கள் கருவியைக் காப்பாற்றிய நேரம் என்றார். இதை அவர் என்னிடம் சொல்லவில்லை. அங்கே இருந்த ஒருவர் பல வருடம் கழித்துச் சொன்னார். கூட்டத்தில் சிரித்தவர்களும் உண்டாம்.

டைரக்டர் சிரிக்கவில்லை. லேப் வாசலில் நின்று தமிழும் மலையாளமுமாகக் கேட்டார். "விசாலம், எந்தினா இது? வாயைத் திறக்காம, மிண்டாம இருந்தாப் போதுமாயிருந்து. போனக்காட்டுக்கு யாரு போயி நோக்கப் போறா?"

"சாமுவேல் போய்ப் பாத்தாரே சார்," என்றார் மேடம்.

கமிட்டி திட்டத்தை மூடவில்லை, ஆறு மாதம் மட்டும் நீட்டியது. அறிக்கையில் காரணம் என்ற பகுதியை மேடம் எழுதினார். டெக்னீஷியன் கொடுத்த தவறான அறிவுறுத்தல் என்று ஒரு வரி. அதைக் கண்டுபிடித்து முன்வந்து சொன்னவர் அதே டெக்னீஷியன் என்று அடுத்த வரி. பொருந்தாத புள்ளியை விலக்கியது தன் தவறு என்று மூன்றாவது வரி. கமிட்டி முதல் வரியை மட்டும் படித்தது. என் கன்ஃபர்மேஷன் ஒரு வருடம் தள்ளிப்போனது.

மேடம் என்னைக் கூப்பிட்டுத் தாமாகவே சொன்னார். "முதல் வரியை எடுத்திருந்தா உங்களுக்குக் கிடைச்சிருக்கும். எடுக்கலை. எம்மேல கோவம் இருக்கும்."

"இருக்கு மேடம்," என்றேன். இருந்தது. சீனியாரிட்டி லிஸ்டில் எனக்குப் பின்னால் சேர்ந்த ஒருவர் அன்று முன்னால் போனவர், நான் ஓய்வு பெறும் வரை முன்னாலேயே இருந்தார். ஒவ்வொரு லிஸ்ட் வரும்போதும் கொஞ்சம் கோபம் வந்தது. பொய் சொல்லவில்லை.

8. பெல் ஸ்விட்ச்

அந்த ஆறு மாதத்தில் செய்தது இதுதான். வீட்டு வாசலில் வைக்கும் காலிங் பெல் ஸ்விட்ச் ஒன்றைப் பழவங்காடிக் கடைத்தெருவில் வாங்கினேன். அதை டிஸ்பென்சரியில் ரேடியோவுக்குப் பக்கத்தில் பூட்டினோம். அழுத்தினால் போனக்காடு ஸ்டேஷன் முகட்டு ரிலேக்கு ஒரு சின்னத் துண்டு அனுப்பும்: கிளம்புகிறேன், எனக்கு வருவதை வைத்துக்கொள். ரிலே "சரி" என்றால் ஒரு பச்சை விளக்கு எரியும். விளக்கைப் பார்த்த பிறகு கழற்றலாம். அரெஸ்டர் இருக்கிறது, கழற்றவே வேண்டாம் என்று நான் செல்லத்தாயிடம் விளக்கிப் பார்த்தேன். "சரி சார்," என்றார். அடுத்த இடிக்கும் கழற்றினார். மேடம் சொன்னார்: "அவ கழட்டட்டும். கழட்டறதைத் தாங்கற நெட்வொர்க்தான் நமக்கு வேணும்."

சித்திரை மாதத்துக் கோடை மழை. ஒரு புதன்கிழமை, பிற்பகல் இரண்டு ஐம்பது. எங்கள் திரையில் முதல் தடவையாக அந்த வரி வந்தது: போனக்காடு கிளம்பியது. ஒன்றேகால் மணி நேரம் திரையில் எதுவும் இல்லை. மேடம் எழுந்து போகவில்லை, நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். நாலு ஐந்துக்கு, போனக்காடு வந்தது என்று வந்தது. முகட்டில் காத்திருந்த நான்கு செய்திகளும் வரிசை மாறாமல் போய்ச் சேர்ந்தன. அவற்றில் ஒன்று, ஒரு பிரசவக் கேசுக்கு ஜீப் புறப்பட்ட தகவல்.

"மணியைக் குறிச்சேளா?" என்றார் மேடம்.

இன்று டாக்டர் விசாலத்தை நெட்வொர்க் துறையின் முன்னோடி என்று எழுதுகிறார்கள். அடிக்கடி அணைந்து எழும் ஸ்டேஷன்களோடு நெட்வொர்க் எப்படி வாழ்வது என்று அவர் பிறகு எழுதிய கட்டுரைகளைப் படித்தவர்கள் எழுதுகிறார்கள். நனைந்த இலைகளை யாரும் படிப்பதில்லை. அச்சான பிரதி ஒன்று என்னிடம் இருக்கிறது. இப்போதும் அந்த வளைவு அழகாகத்தான் இருக்கிறது.

9. நான் கற்றது

ஒரு லிங்க் விழுந்தால் வானத்தைப் பார்க்கும் முன் பிளக்குக்குப் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். அவர்களிடம் முன்பு யார் என்ன சொல்லிவைத்தார்கள் என்று கேளுங்கள். சொன்னது பெரும்பாலும் நீங்களாக இருக்கும்.

அதற்குப் பிறகு நான் பூட்டிய ஒவ்வொரு ஸ்டேஷனிலும், பையைத் தோளில் போடும் முன் ஒரே கேள்வி கேட்பேன்: இடி வந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்? கடலோரத்தில் ஒரு ஆபீஸில், மெஷின் மேல் ரப்பர் ஷீட் போட்டு மூடுவேன் என்றார் ஒருவர். நெய்யாற்றுப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில், ஸ்கூலை விட்டுவிட்டு வீட்டுக்குப் போவேன் என்றார் ஹெட்மாஸ்டர். எல்லாவற்றையும் எழுதிவைத்துக்கொண்டு அதற்கேற்ப வேலை செய்தேன்.

ஓய்வுக்கு முந்திய மாதம் கடைசியாகப் பூட்டியது ஒரு கிராம அலுவலகத்தில். அங்கிருந்த அட்டெண்டர் வயதானவர், மரியாதைக்காரர். கேள்வியைக் கேட்டேன்.

"சார் இப்ப சொன்னியளே, அதேமாதிரி செய்வேன்," என்றார்.

செருப்பை மாட்டப் போனவன் திரும்பி வந்தேன். பையைக் கீழே வைத்து, பெஞ்சில் உட்கார்ந்தேன்.

"நான் என்ன சொன்னேன்? ஒருக்கா சொல்லுங்க, கேக்கேன்."